ஒரு சொல்லும் பல தயக்கங்களும்

நாகூரில் வெட்டாற்றை ஒட்டிய தெருவொன்றில் வாழும் பள்ளி மாணவி ஒருத்தி, ஆங்கிலப் பாடத்தில் ஐயம் கேட்க அவ்வப்போது நம்மிடம் வருவதுண்டு. அண்மையில் அவள் ஆறு சொற்களைத் தாளில் எழுதிவந்து, ஒவ்வொன்றுக்கும் தமிழ் கேட்டாள். ஹெசிடேட், வேவர், வாசிலேட், டிதர், ஸ்க்ரூப்பிள், ப்ரொக்ராஸ்டினேட் என்பன அவை. மாலைத் திருப்பலிக்கு நேரமாகிவிட்டமையால், ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் 'தயக்கம்' என்றே சொல்லிவைத்தோம். "எல்லாத்துக்கும் ஒரே வார்த்தைதானா ஃபாதர்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். சற்று வெட்கமாகவே இருந்தது.

அன்றிரவு அகராதிகளை எடுத்துவைத்து அமர்ந்தோம். முதற்சொல்லின் வேர் ஒட்டிக்கொள்ளுதலைக் குறிக்கும் இலத்தீன் வினை. நடவு வயலின் சேற்றில் கால் பதிந்து எடுக்க வராமல் நின்றவர்கள் அந்நிலையை அறிவர். வாசிலேட் என்பது இப்பாலும் அப்பாலும் ஆடுதல். நம் 'ஊசலாட்டம்' அதற்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. நிலையாய் நின்ற ஒன்று அசையத் தொடங்குவது வேவர்; காற்றில் விளக்குச் சுடருக்கும், போரில் படைவரிசைக்கும் ஆங்கிலேயர் அதை ஆள்வர். டிதர் முன்பு நடுக்கத்தைக் குறித்த சொல். ப்ரொக்ராஸ்டினேட் தன்னுள்ளே 'நாளை' என்னும் இலத்தீன் சொல்லை ஒளித்துவைத்திருக்கிறது. அதில் எதைச் செய்வது என்ற குழப்பமே இல்லை. செய்ய வேண்டியது தெரியும். இன்று வேண்டாம், அவ்வளவே.

ஸ்க்ரூப்பிளின் பொருள் வியப்புக்குரியது. செருப்புக்குள் புகுந்து ஒவ்வோர் அடிக்கும் உறுத்தும் சிறு கூர்ங்கல் அது. குருத்துவக் கல்லூரியில் அறநெறி இறையியல் பயின்ற நாளில் இச்சொல்லோடு நமக்குப் பழக்கமுண்டு. லொயோலா இஞ்ஞாசியார் 1522-இல் மன்ரேசாவில் தங்கியிருந்தபோது, முன்பே அறிக்கையிட்ட பாவங்களை மீண்டும் மீண்டும் கிளறித் துன்புற்றார். அறநெறி இறையியலின் பேராசானாகிய புனித அல்போன்ஸ் லிகோரியாரும் முதுமைவரை இக்கல்லோடு நடந்தவரே. பிறர் மனச்சான்றின் சிக்கல்களை அவிழ்த்தவருக்குத் தம் செருப்பை உதற முடியாமற் போயிற்று. இதைத் தயக்கம் என்று மொழிபெயர்த்தது பிழைதான்.

இனி நம் சொற்களுக்கு வருவோம். 'தயங்கு' என்பதற்குப் பழந்தமிழில் அசைதல், ஒளிவிடுதல் என்னும் பொருள்களும் உண்டு. 'ஐயம்' என்பது சந்தேகம். இரப்போர்க்கு இடும் பிச்சையும் அதுவே. இரண்டும் ஒரே சொல்லில் எவ்வாறு வந்து தங்கின என்று எண்ணிப் பார்ப்பது இன்பமானது. ஆயினும் அது வேறொரு கட்டுரைக்குரியது. தடுமாற்றம் காலிலிருந்தும் ஊசலாட்டம் ஊஞ்சலிலிருந்தும் வந்தவை.

நம் மரபுத்தொடர்களை நாம் பெரும்பாலும் பொருளுணராமலே ஆள்கிறோம். இருதலைக்கொள்ளி எறும்பு முடிவெடுக்க இயலாமல் நிற்பதில்லை. இரு முனையிலும் நெருப்பு. எடுப்பதற்கு முடிவே இல்லை. மதில்மேல் பூனையோ அதற்கு நேர்மாறானது. எப்பக்கம் குதிக்கும் என்பது கீழே நின்று பார்ப்பவருக்குத்தான் தெரியாது. பூனைக்குத் தெரிந்திருக்கக்கூடும்.

இந்த வேறுபாடுகள் அகராதியோடு நிற்பவை என்று எண்ண வேண்டா. நம் கடைமடைப் பகுதியில் உழவரைப் பார்த்து, "விதைக்கத் தயங்குகிறார்கள்" என்று நகரத்தார் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். 1934-இல் கட்டிமுடிக்கப்பட்ட மேட்டூர் அணையைக் குறுவைக்காக ஜூன் 12-இல் திறப்பது மரபு. 2012-இல் செப்டம்பர் 17-இலும், 2017-இல் அக்டோபர் 2-இலும், 2024-இல் ஜூலை 28-இலும் திறந்தார்கள். 2022-இலோ மே 24-ஆம் நாளே திறந்துவிட்டார்கள். உழுதுவைத்த நிலத்தின் வரப்பில் நிற்பவர் என்ன செய்வார்? தண்ணீரை நம்பிப் புழுதியில் விதைத்தால் விதை வீணாகலாம். காலந்தாழ்த்தி விதைத்தால் கதிர் முற்றும் வேளையில் ஐப்பசி அடைமழை வரும். குறுவையைக் கைவிட்டுச் சம்பா ஒன்றையே நம்பினால் ஒருபோக வருவாய் போயிற்று. அவருடைய மனம் ஆயத்தமாகவே இருக்கிறது, செய்திதான் வந்துசேரவில்லை. தண்ணீர் வந்த அன்றே மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்கிவிடுகிறார். கலந்தெண்ணுவதில் பொறுமையும் செய்வதில் விரைவும் விவேகத்தின் இயல்பு என்று புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பிக்கிறார். அதை நூலில் படித்தோம். பார்த்தது இந்த வரப்பில்தான்.

மத்தேயு நற்செய்தியில் ஒரு கிரேக்க வினைச்சொல் இருமுறை வருகிறது. புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் அது இல்லை. இரண்டு என்னும் எண் அதன் வேரில் உள்ளது. நம் 'இருமனம்', 'ஈரடி' ஆகிய சொற்களுக்கு அது உறவு. கடல்மீது நடந்த பேதுரு காற்றைக் கண்டு அமிழ்ந்தபோது அச்சொல் வருகிறது. உயிர்த்த ஆண்டவரைக் கலிலேய மலையில் கண்டு வணங்கியவர்களைப் பற்றிச் சொல்லும்போது மீண்டும் வருகிறது. இரண்டாம் இடம் நம்மைப் பலமுறை நிறுத்தியிருக்கிறது. அவர்களுடைய இருமனம் தீரட்டும் என்று ஆண்டவர் காத்திருக்கவில்லை. அந்நிலையிலேயே அவர்களை உலகெங்கும் அனுப்பிவிட்டார்.

தமிழில் இன்னொரு சொல்லும் உண்டு. அந்த மாணவியிடம் நாம் அதைச் சொல்லவில்லை. அது 'யோசனை'. "கொஞ்சம் யோசனையாக இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், அவர் எண்ணிப் பார்க்கிறார் என்று எவரும் கொள்வதில்லை. மறுக்கிறார், வாய்விட்டுச் சொல்ல விரும்பவில்லை என்றே கொள்வர்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் இளங்குருவாய் இருந்தபோது, ஒருநாள் மாலை ஒருவர் நம்மைத் தேடி வந்தார். அவருடைய தந்தையார் அன்று இறந்திருந்தார். அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு மதில். எப்பக்கம் யாருக்கு என்பதைச் சாதி முடிவு செய்திருந்தது. தந்தையை மதிலுக்கு இப்பால், கோயிலை ஒட்டிய பக்கத்தில், அடக்கம் செய்ய வேண்டும் என்று அவர் கேட்டார். நாற்பதாண்டுகள் அக்கோயிலின் மணியை அடித்தவர் அவர் தந்தை. "யோசித்துக் காலையில் சொல்கிறோம்" என்றோம். காலையில் அவர் வரவில்லை. விடியுமுன்பே மதிலுக்கு அப்பால் குழி வெட்டியிருந்தார்கள். நாம் போய்ச் செபம் சொல்லி மண்ணிட்டுத் திரும்பினோம்.

நாட்குறிப்பில் அன்று 'தயக்கத்தால் காலம் தாழ்ந்தது' என்று எழுதியிருக்கிறோம். பின்னர், மக்களிடையே கலகம் வராமற் காத்த விவேகம் என்றும் அதற்குப் பெயரிட்டுப் பார்த்தோம். ஐயமுள்ள மனச்சான்றோடு செயல்படலாகாது என்னும் பாடத்தையும் துணைக்கு அழைத்தோம். இந்த ஆறு சொற்களையும் ஒவ்வொன்றாக அந்த இரவின்மேல் வைத்துப் பார்க்கையில், எதுவும் பொருந்தவில்லை. கால் ஒட்டவில்லை, மனம் ஊசலாடவில்லை, எது நீதி என்பதில் ஐயமும் இல்லை. அவர் வாசற்படியில் நின்று கேட்டு முடிக்குமுன்பே, முடியாது என்று முடிவு செய்துவிட்டோம். மறுநாள் ஊரார் முகத்தில் விழிக்க அஞ்சினோம். அவர் முகத்தைப் பார்த்து மறுக்கவும் அஞ்சினோம். நடுவில் ஓர் இரவை வைத்தோம். அதை அவர் உடனே புரிந்துகொண்டார் என்றே நினைக்கிறோம். அதனால்தான் காலையில் வரவில்லை.

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு இறுதியில் வேளாங்கண்ணிக்கு நடந்துசெல்லும் கூட்டத்தோடு அவர் நாகூர் வழியே வருகிறார். தலை நரைத்துவிட்டது. நம்மைக் கண்டால் கைகூப்பி, "நல்லா இருக்கீங்களா சாமி?" என்கிறார். தண்ணீர் கொடுக்கிறோம், குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பித் தருகிறார். அந்த மாலையைப் பற்றிப் பேசவேண்டும் என்று ஒவ்வொரு முறையும் வாயெடுக்கிறோம். அதற்குள் அவருடன் வந்தவர்கள் அடுத்த தெருமுனையைக் கடந்துவிடுகிறார்கள். அவரும் செருப்பில்லாத காலோடு விரைந்துபோய் அவர்களோடு சேர்ந்துகொள்கிறார்.