தனிப் பந்தி

ஈப்போவுக்குப் பக்கத்தில் நாங்கள் லகாட் என்று சொல்லும் ஊர், மலாய்க்காரர் வாயில் லஹாட். அதே மாதிரி அவர்களுடைய ஜஹாட் நமக்கு ஜகாட். கெட்டவன், முரடன் எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கும். 2015-இல் வெளிவந்த தன் முதல் முழுநீளப் படத்துக்கு சஞ்சய் குமார் பெருமாள் அந்தப் பெயரைத்தான் வைத்தார். தோட்டத்தை விட்டுப் பெயர்ந்த குடும்பத்தில் வளரும் 12 வயது அப்போயின் கதை அது. காலம் 1990-களின் தொடக்கம்.

2016-இல் 28-ஆவது மலேசியத் திரைப்பட விழா நடந்தது. சிறந்த படத்துக்கான விருதை மலாய்ப் படம், மலாய் அல்லாத படம் என்று இரண்டாகப் பிரித்திருந்தார்கள். பல மொழி பேசும் ‘ஓலா போலா’வும், தலைப்பையே மலாயிலிருந்து எடுத்த ‘ஜகாட்’டும் இரண்டாவதில் இருந்தன. ஒளிப்பதிவாளர் முகமட் நோர் காசிம் எதிர்த்து விலகினார், நடிகர் அஃப்ட்லின் ஷவுக்கியும் விலகினார். சிஐஎம்பி வங்கி தன் ஆதரவை நிறுத்திக்கொண்டது. பிறகு ஏற்பாட்டாளர்கள் இறங்கி வந்து, சிறந்த படம் என்ற பிரிவை எல்லா மொழிக்கும் திறந்தார்கள். தேசிய மொழிப் படத்துக்குத் தனி விருதும் வைத்தார்கள். திறந்த பிரிவில் வென்றது ‘ஜகாட்’.

“தனிப் பிரிவே இருந்திருந்தால் நம்ம ஆளுக்கும் அப்பப்ப ஒண்ணு கிடைக்குமே, இதில் என்ன அவமானம்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தனி விருது எல்லாமே இழிவு இல்லை. இந்தியாவின் தேசிய விருதில் தமிழுக்குத் தனிப் பரிசு உண்டு. ஆனால் அதற்கு மேலே எல்லா மொழிக்கும் பொதுவான பரிசும் இருக்கிறது. ‘மறுபக்கம்’, ‘காஞ்சிவரம்’ இரண்டும் அதை வாங்கியிருக்கின்றன. பொதுப் பந்தியில் இடம் இருக்கும்போது தனிப் பந்தி கூடுதல் உபசாரம். அது இல்லாதபோது தள்ளிவைப்பு. இலையில் எத்தனை வடை விழுந்தாலும் அது மாறாது.

பொதுப் பந்திக்கு ஒரு விலை உண்டு. பத்து வருஷம் நம் படம் எதுவும் ஜெயிக்காமல் போகலாம். அதையும் ஏற்கத்தான் வேண்டும். எல்லோருடனும் மோதித் தோற்பதில் மரியாதை இருக்கிறது, மோதவே விடாமல் கையில் கொடுக்கும் பரிசில் அது இல்லை.

ஆனால் கதவைத் திறந்துவிட்டால் மட்டும் போதுமா? ஆஸ்கரில் நடிகர்களை இனம் பார்த்துப் பிரிக்கும் விதி கிடையாது. இருந்தும் 2015, 2016 இரண்டு வருஷமும் நடிப்புக்கான 20 பரிந்துரைகளும் வெள்ளையருக்கே போயின. விதியில் குறை இல்லை. ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோர் ஒரே மாதிரியானவர்கள். அகாடமி பிறகு தன் உறுப்பினர் சேர்க்கையைத்தான் மாற்ற வேண்டியிருந்தது.

அப்போய் பேசும் தமிழ் தோட்டத்துத் தமிழ். அதில் எது கேலி, எது கோபம் என்று சப்டைட்டில் பாதிதான் சொல்லும். அதனால் யார் ஜெயித்தார் என்று கைதட்டுவதற்கு முன்னால், தேர்வு மேசையில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று நாம் ஒவ்வொரு வருஷமும் கேட்க வேண்டும். நம் படம் ஜெயித்த வருஷத்திலும்கூட.