வேலிக்கு வெளியே பெய்த மழை

நெல்லையப்பர் கதை எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். வேதசர்மர் என்று ஒரு சிவபக்தர். வீடு வீடாக இரந்து வாங்கிய நெல்லைக் குத்தி, சுவாமிக்கு அமுது படைப்பது அவர் வழக்கம். ஊரில் பஞ்சம் வந்தபோது மழை வேண்டுமென்று முறையிட்டவரும் அவர்தான் என்பார்கள். ஒருநாள் சன்னதிக்கு முன்னால் நெல்லைக் காயப்போட்டுவிட்டு ஆற்றுக்குக் குளிக்கப் போனார். கொட்டித் தீர்த்துவிட்டது மழை. பதறி ஓடிவந்து பார்த்தால் சுற்றிலும் வெள்ளம், நெல் மட்டும் நனையவில்லை. சுவாமி வேலி கட்டியிருந்தார். வேணுவனம் என்றிருந்த ஊர் திருநெல்வேலி ஆனது அப்படித்தான் என்பது தலபுராணம். தைப்பூசத் திருவிழாவில் இன்றைக்கும் இதை நடத்திக் காட்டுகிறார்கள்.

கைகூப்பி இதைக் கேட்கிறவர்களில் பாதிப்பேர் நனைந்த நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நெல் வைக்கிறவள். கார், பிசானம் இரண்டு பூவும் உண்டு. பாபநாசம் அணைத் தண்ணீர் ஆனியில் வாய்க்காலுக்கு வந்துவிட்டால், கார் நெல் புரட்டாசி முடிவதற்குள் வீடு சேர்ந்துவிடும். தென்மேற்கு மழை பிந்தினால் தண்ணீர் பிந்தும், நடவு பிந்தும், அறுப்பு போய் ஐப்பசியில் விழும். ஐப்பசி எங்களுக்கு அடைமழை.

பெரும்பாலும் போடுவது அம்பை 16. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ரகம். 110, 115 நாளில் கைக்கு வந்துவிடும் குண்டு நெல், இட்லிக்கு வாகானது. இந்த மாதிரிக் குறுகிய கால ரகங்களில் பலவற்றுக்கு விதை உறக்கம் கிடையாது. களத்துக்கு வந்து சில வாரம் தூங்கிவிட்டு முளைப்போம் என்ற பொறுமை அவற்றுக்கு இல்லை. முற்றிய கதிர் சாய்ந்து இரண்டு மூன்று நாள் தண்ணீரில் கிடந்தால் போதும், கதிரிலேயே முளைத்துவிடும். சாய்ந்த பயிரைத் தூக்கிப் பார்த்தால் சட்டென்று மேலே வராது. அடியில் வெள்ளை வெள்ளையாய் வேர் விட்டு, ஒரு கதிரும் இன்னொரு கதிரும் பின்னிக் கிடக்கும். பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். உமி கறுத்து, புளித்த வாடை அடிக்கும். ஆனால் முளை பார்க்க அழகாகத்தான் இருக்கும். விதை என்றால் ஈரம் கண்டு முளைக்கத்தானே வேண்டும்? மேகம் என்றால் பெய்யத்தானே வேண்டும்? இரண்டும் தத்தம் வேலையைச் சரியாகச் செய்கிற இடத்தில் என் வெள்ளாமை போகிறது. யாரைக் குற்றம் சொல்ல?

மழை நிற்கட்டும் என்று கேட்க எனக்கு வாய் வருவதில்லை. கேட்டால் பொய்யாகிவிடும். அதே மழையில்தான் அணை நிரம்பிப் பிசானத்துக்குத் தண்ணீர் வரவேண்டும். அடுத்த வயலில் முன்கூட்டியே நாற்றங்கால் பாவியவர் அண்ணாந்து வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். என் சம்பந்தி வீடு ஒட்டப்பிடாரம் பக்கம், கரிசல் மானாவாரி. புரட்டாசியில் உளுந்தும் மக்காச்சோளமும் விதைத்துவிட்டு, "மதினி, அங்க மழை உண்டா? இங்க ஒரு பொட்டு இல்ல" என்று போன் போடுவார் சம்பந்தி அம்மா. நான் இங்கே தார்ப்பாயைத் தேடிக்கொண்டிருப்பேன். இரண்டு பேரும் ஒரே முருகனுக்குத்தான் நேர்ந்துகொள்கிறோம்.

களத்தில் நின்று "என்ன பாவம் பண்ணினேனோ" என்று புலம்புவது சுலபம். நானும் கேட்டு வளர்ந்த புலம்பல்தான். ஆனால் வயலைச் சுற்றி நடந்து பார்த்தால் அந்தக் கணக்கு நிற்காது. எந்த வயல் மூழ்கியது, எந்த வயல் தப்பியது என்ற கோடு பள்ளம் மேட்டின்படி போகிறதே தவிர, யார் என்ன செய்தார்கள் என்பதன்படி போவதில்லை. ஊரையே அடித்து உலையில் போடுகிறவர் வயல் மேட்டில் இருந்தால் அவர் நெல் தப்பும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அத்தனை மழைக்கு ஈடான பாவத்தை எந்த ஊரால் செய்ய முடியும்? தாமிரபரணி பெருகினால் குறுக்குத்துறை முருகன் கோயிலே தண்ணீருக்குள் போய்விடும். உற்சவரைத் தூக்கி மேட்டுக்குக் கொண்டுபோவது மனிதர்கள். அவருக்கு யாரும் வேலி கட்டவில்லை. எனக்கு அந்த முருகன்மேல் தனிப் பிரியம் உண்டு.

என்னிடம் நெல் வாங்கும் வியாபாரி மேலப்பாளையத்து பாய் ஒருவர். ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். அடைமழையில் மத்திய அரசு அளவைத் தளர்த்துவதும் உண்டு, ஆனால் அந்த உத்தரவு வருகிறவரை முளை காத்திருக்காது. அப்போதெல்லாம் அந்த பாய்தான் கதி. ஒருமுறை மூட்டை மேல் உட்கார்ந்து மழை பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் ஒரு ஹதீஸ் சொன்னார். மதீனாவில் வறட்சி. வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தின்போது ஒருவர் எழுந்து, கால்நடை சாகிறது, மழைக்கு துஆ செய்யுங்கள் என்று நபியிடம் கேட்கிறார். துஆ செய்கிறார், மழை வருகிறது, ஒரு வாரம் நிற்கவில்லை. அடுத்த வெள்ளி, வீடு இடிகிறது, மழை நிற்க துஆ செய்யுங்கள் என்று கேட்கிறார்கள். நபி அப்போது மழை நிற்கட்டும் என்று கேட்கவில்லையாம். எங்கள் மேல் வேண்டாம், எங்களைச் சுற்றிப் பெய்யட்டும், குன்றுகளிலும் ஓடைகளிலும் மரம் வளரும் இடங்களிலும் பெய்யட்டும் என்றுதான் கேட்டாராம்.

எனக்கு வேதசர்மர் நினைவு வந்துவிட்டது. மழை கேட்டவரும் அவர்தான், நெல் காயப்போட்டவரும் அவர்தான். மழையும் வேண்டும், நெல்லும் நனையக்கூடாது. அங்கேயும் மழை நிற்கவில்லை, சுற்றித்தான் பெய்தது. பாலைவனத்து மண்ணிலும் ஆற்றங்கரை மண்ணிலும் மனிதன் ஒரே மாதிரிதான் கேட்டிருக்கிறான். பாளையங்கோட்டையில் என் தோழி ஒருத்தி, நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் கர்த்தர் ஒன்றாகவே மழை தருகிறார் என்று வேதத்தில் இருப்பதைச் சொல்வாள். உண்மைதான். ஆனால் அங்கே மழை என்றாலே கொடை. பழுத்த கதிரோடு நிற்கிறவளுக்கு அந்த வசனம் அவ்வளவு ஆறுதல் இல்லை என்று அவளிடமே சொல்லியிருக்கிறேன்.

ஆனால் இந்த வேலி விஷயத்தில் ஒரு நெருடல் பாக்கி இருக்கிறது. சுற்றிலும் பெய்ததே, அந்தச் சுற்றில் யார் நெல் காய்ந்துகொண்டிருந்தது? அடுத்த தெருவில் எவளோ ஒருத்தி முற்றத்தில் பரப்பியிருந்திருப்பாளே? புராணம் அவளைப் பற்றிப் பேசவில்லை. ராஜா வந்து பார்த்து அதிசயப்பட்டதோடு முடிந்துவிடுகிறது.

ரொம்ப நாள் இதைச் சுவாமியின் ஓரவஞ்சனையாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது வேறு மாதிரித் தோன்றுகிறது. அந்த நெல் வேதசர்மர் வயலில் விளைந்ததல்ல. அவருக்கு வயலே கிடையாது. இந்த வீட்டில் ஒரு படி, அந்த வீட்டில் ஒரு கை என்று பஞ்ச காலத்தில் ஊர் போட்டது. அடுத்த தெருக்காரி போட்ட நெல்லும் அந்தக் குவியலில் இருக்கும். இது என் நெல் என்று யாரும் சொல்ல முடியாத நெல்லுக்குத்தான் வேலி கிடைத்தது. என் வயலுக்கு மட்டும் வேலி போடு என்று கேட்க இந்தக் கதையில் இடமே இல்லை. பண்டிதர்கள் ஒத்துக்கொள்வார்களோ என்னவோ, எனக்கு இந்த அர்த்தம்தான் செரிக்கிறது.

ஏனென்றால் தனி வேலி எப்படியிருக்கும் என்று ஐப்பசியில் நாங்கள் கண்ணால் பார்க்கிறோம். மழை விட்டதும் மேட்டு வயல்காரர் வரப்பை வெட்டித் தண்ணீரை இறக்குவார். அவர் பயிர் தப்பிக்கும், தண்ணீர் பள்ளத்து வயலில் வந்து நிற்கும். பள்ளத்துக்காரருக்கு இறக்கிவிட இடம் கிடையாது. அப்புறம் அறுப்பு மிஷின். சேற்றில் டயர் மிஷின் இறங்காது, செயின் மிஷின்தான் வேண்டும். மணிக்கு இவ்வளவு என்று வாடகை. சாய்ந்த பயிரில் மெதுவாகத்தான் போகும் என்பதால், கெட்ட வயலுக்குத்தான் காசு கூட. மேகம் கறுத்துக்கொண்டு வரும்போது ஊருக்கே ஒரு மிஷின் நின்றால், கூடக் கொடுக்கிறவர் வயலில்தான் முதலில் இறங்கும். "யக்கா, அவுக அட்வான்ஸ் குடுத்துட்டாவ, நீங்க நாளைக்குப் பாத்துக்கிடுங்க" என்பான் புரோக்கர். நாளைக்கு முளைத்திருக்கும். மழை யார் வயலில் பெய்வது என்பதை நான் சுவாமியிடம் விட்டுவிடத் தயார். மிஷின் யார் வயலில் முதலில் இறங்குவது என்பதைச் சுவாமி தலையில் கட்டுவது எனக்குச் சம்மதமில்லை. அதையும் "அவாளுக்கு யோகம்" என்று சொல்கிறவர்களைக் கேட்டால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

போன கார் சாகுபடி முடிந்ததும் எங்கள் மடைக்காரர்கள் எல்லாரும் கால்வாய்க் கரையில் உட்கார்ந்து பேசினோம். இனிமேல் மழை நாளில் பள்ளத்து வயல்தான் முதல். வரிசைப்படி மேலே ஏறி வரவேண்டும். வரப்பை வெட்டுவதானால் கீழ் வயல் அறுத்த பிறகு. வாடகையில் கூடுதலாக வருவதை எல்லாரும் ஏக்கர் கணக்கில் பிரித்துப் போட்டுக்கொள்வது. ஒருவர் மட்டும் இன்னும் சரி என்று சொல்லவில்லை. அவருக்குச் செயின் மிஷின் சொந்தமாக இருக்கிறது.