பெற்றோரின் இன்றைய தேவை



கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலருக்கு ஷிப்டு மாறிக்கொண்டே இருக்கும். இரவு ஷிப்டு முடித்து, ரயிலைப் பிடித்துப் பொன்னேரியில் இறங்கி வீடு வந்து சேர்ந்ததும் அப்படியே கண் அயர்ந்துவிடுகிறார்கள். தகப்பனார் விழித்திருக்கும்போது மகன் உறங்குகிறான். மகன் வேலைக்குக் கிளம்பும்போது அவர் படுத்துவிடுகிறார். மாதம் பிறந்தால் தாயின் கையில் பணம் மட்டும் தவறாமல் சேர்கிறது. கடமை முடிந்தது என்று மகன் நினைக்கிறான். குறை சொல்வதற்கில்லை, அதுவும் கொடுக்காதவர்கள் உண்டு. அப்படிக் கைவிடப்பட்ட பெற்றோர், எம்மதத்தவராயினும், 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் ஜீவனாம்சம் கோரலாம். ஒரு முஸ்லிம் வீட்டு விவகாரம் அந்த வாசல்வரை போகலாமா?

நான் சொல்ல வந்தது, கொடுக்கிற மகனைப் பற்றி.

மனிதனைப் பலவீனத்தில் படைத்து, பிறகு பலத்தைத் தந்து, மீண்டும் பலவீனத்துக்கும் நரைக்கும் திருப்புவதாக ஸூரத்துர் ரூமில் அல்லாஹுத் தஆலா அறிவிக்கிறான். அந்தத் திரும்புதல் ஒரே நாளில் நடப்பதில்லை. முதலில் கண் மங்கும். பிறகு படியேற முடியாது. பிறகு ஒளூவுக்குக் குனிய முடியாது. ஒருநாள், கழிவறைக்குப் போகவே ஆள் துணை வேண்டியிருக்கும். ஐந்து வருடத்துக்கு முன் அவருக்குத் தேவை பணம். இன்று தேவை பிடித்துக்கொள்ள ஒரு கை. வாய்விட்டுக் கேட்கவும் மாட்டார். “ஒன்றுமில்லை தம்பி, நீ தூங்கு” என்பார்.

குகைக்குள் பாறை அடைத்துக்கொண்ட மூவரின் சம்பவம் ஸஹீஹுல் புகாரியில் வருகிறதல்லவா? அவர்களில் ஒருவர் வேலையாகத் தொலைதூரம் போய்த் தாமதமாகத் திரும்பியவர்தான். வயதான பெற்றோர் உறங்கிவிட்டார்கள். பால் பாத்திரத்தை ஏந்தியபடி விடியும்வரை காத்து நின்றார். மனைவியிடம் கொடுத்துவிட்டுப் படுத்திருக்கலாம். படுக்கவில்லை.

இவ்விடத்தில் ஒரு மஸ்அலாவைச் சொல்லியாக வேண்டும். மாமனார் மாமியாருக்குப் பணிவிடை செய்வதை மார்க்கம் மருமகளின் மீது கடமையாக்கவில்லை. அவள் செய்வது இஹ்ஸான், அதற்கு நன்றி காட்ட வேண்டும். கடமை பெற்ற மகனுக்கும் மகளுக்கும் உரியது. “என் அம்மாவைச் சரியாகக் கவனிக்கிறாயா?” என்று மனைவியை அதட்டும் மகன், தாய்க்கு நகம் வெட்டிவிட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசிக்கட்டும்.

வறிய பெற்றோருக்குக் கொடுத்ததை ஜகாத்தில் கழிக்கவும் முடியாது. அவர்களுடைய செலவே பிள்ளையின் பொறுப்பு. ஈ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளியைச் சார்ந்து வாழும், வருமானம் குறைந்த பெற்றோருக்கும் அங்கே வைத்தியம் உண்டு. அவர்கள் பெயரைப் பதியாமலே பலர் காலம் கடத்துகிறார்கள்.

வணக்கத்திலும் அவர்களின் தேவை மாறுகிறது. நோயுற்றிருந்த இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களிடம், நின்று தொழ இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். நம் பெரியவர்களோ பழக்கத்தை விடமாட்டார்கள், விழுந்தாலும் நின்றே தொழுவேன் என்பார்கள். இனி நோன்பு நோற்கவே இயலாத முதியவர், நோன்பொன்றுக்கு ஷாஃபிஈ மத்ஹபில் ஒரு முத்து தானியமும், ஹனஃபீ மத்ஹபில் ஒரு ஃபித்ராவின் அளவும் ஃபித்யா கொடுத்தால் போதும். சர்க்கரை நோயோடு பட்டினி கிடந்து மயங்கி விழ வேண்டியதில்லை. இதை மருமகள் சொன்னால் கேட்கமாட்டார். மகன் பக்கத்தில் உட்கார்ந்து, ஆலிமிடம் கேட்டு வந்ததாகப் பக்குவமாகச் சொன்னால் கேட்பார்.

ஒளூச் செய்யும் குழாயடியில் ஒரு முக்காலி, வழுக்காத தரை, பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பி. கொத்தனாருக்கு ஒருநாள் வேலைதான். வருகிற விடுமுறையிலேயே ஆளைக் கூப்பிடலாம், இன்ஷா அல்லாஹ்.