தன் கையே தனக்கு உதவி

நண்பர் ஒருவர் முப்பது வருஷம் ஒரு பாங்கியில் பிறர் பணத்தை எண்ணிக் கொண்டிருந்தவர். ஓய்வு பெற்ற மறு மாதமே, பூதப்பாண்டிக்கு அப்பால், மலை தொட்டுவிடும் தூரத்தில் தெரிகிற ஓர் இடத்தில் ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக வயலும், அதை ஒட்டிப் பத்துப் பதினைந்து தென்னை நிற்கிற ஒரு விளையும் வாங்கினார். வாங்கியதோடு ஒரு சங்கற்பமும் செய்து கொண்டார். இனி உண்பதெல்லாம் தம் மண்ணில் விளைந்ததாகவே இருக்க வேண்டும். அந்த மண்ணில் உரக்கடைச் சரக்கு ஒரு பிடி கூட விழக்கூடாது.

போன ஐப்பசிக் கடைசியில் இரண்டு நாள் அவரோடு தங்கியிருந்தேன். முதல் நாள் மத்தியானம் மாப்பிள்ளைச் சம்பாவின் சிவந்த சோறு, தேங்காய் அரைத்து வைத்த புளிக்கறி, முருங்கைக் கீரைத் துவரன். நான் வழக்கமாகச் சாப்பிடுவதை விடக் கூடுதலாகவே சாப்பிட்டேன். ருசி மட்டும் காரணமல்ல. இந்தக் கீரை எந்த மரத்தில் பறித்தது, இந்தத் தேங்காய் எந்தத் தென்னையில் விழுந்தது என்று இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே விரலை நீட்டிக் காட்ட முடிகிறதல்லவா, அதில் ஒரு நிம்மதி இருக்கிறது. பட்டணத்துக் கடையில் பாக்கெட்டை வாங்கிப் பிரிக்கிற நமக்கு அந்த நிம்மதி மறந்தே போய்விட்டது.

சாப்பாடு முடிந்ததும் பாங்கிக்காரருக்கே உரிய முறையில் ஒரு பேரேட்டைக் கொண்டு வந்து காட்டினார். 'வெளியிலிருந்து வாங்கியவை' என்று ஒரு பக்கம். உப்பு, தீப்பெட்டி, கொஞ்சம் பெருங்காயம், கைபேசிக் கட்டணம். கடைசியாகச் சொன்னதைக் காட்டும்போது மட்டும் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

இந்த ஆசையைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதன் அடியில் இருக்கும் பயம் வாஸ்தவமான பயம். கேரளத்தில் காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களின் மேல், எழுபதுகளின் கடைசியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். தோட்டத்துக்குக் கீழே குடியிருந்தவர்களின் வீடுகளில் உடலும் மூளையும் வளராத குழந்தைகள் பிறந்தன. அந்த மருந்துக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது 2011ல். இத்தனை பார்த்த பிறகும் ஒருவன் தன் கத்தரிக்காயைத் தானே பயிரிட வேண்டும் என்று நினைத்தால் அதில் பைத்தியக்காரத்தனம் என்ன இருக்கிறது? கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் அறுபதுகளில் வேலை பார்த்த நம்மாழ்வார், அங்கே செய்வது ஏழைச் சம்சாரிக்கு உதவாது என்று உத்தியோகத்தை உதறிவிட்டு வந்தவர். 2013ல் அவர் இறக்கும் வரை தமிழ்நாட்டின் மண் பாதையெல்லாம் நடந்து சொன்னதைக் கேட்டுத்தான் என் நண்பரும் மாறினார். எங்கள் வீட்டிலும் மாதத்தில் பாதி நாள் நண்பர் வயல் அரிசிதான். ஆகவே நான் சொல்லப் போவது எதிர்க்கட்சிக்காரனின் பேச்சல்ல.

என்னை உறுத்துவது 'தற்சார்பு' என்ற சொல். அதில் 'தன்' என்கிறோமே, அது யார்?

என் ஆச்சி இந்தச் சொல்லைக் கேட்டதில்லை. ஆனால் அந்தப் பெருமை அவளுக்கு நிறைய உண்டு. "உப்பும் துணியும் மண்ணெண்ணையும் தவிர நம்ம வீட்டுல எதயும் வெலைக்கு வாங்குனதில்ல மக்கா" என்பாள். கன்னிப்பூவும் கும்பப்பூவும் அறுத்து வந்து பத்தாயத்தை நிறைக்கும். எண்ணெய் சொந்தத் தேங்காயில். மோர், நெய் தொழுவத்திலிருந்து. வீட்டுக் கூரைக்கு ஓலை விளையிலிருந்து. உரம் என்றால் சாணமும் சாம்பலும் தழையும்தான். நிலத்துக்குப் பெயரே கலப்பை என்று பொருள்படும் நாஞ்சில் அல்லவா! இன்று கடைகளில் 'ஆர்கானிக்' என்று எழுதி இரட்டை விலைக்கு விற்கிற அத்தனையும் அன்று எங்கள் வீட்டில் சாதாரணமாகக் கிடந்தன.

சிறு வயதில் வாயைப் பிளந்து கேட்டுக் கொண்டிருந்தேன். வளர்ந்த பிறகு கேள்விகள் வந்தன. மலையடிவாரத்திலிருந்து தழைக்கட்டைத் தலையில் சுமந்து வந்தது யார்? நெல்லை அவித்து, காயப் போட்டு, விடியற்காலையில் உரலில் குத்தியது யார்? தொழுவத்துச் சாணத்தை வாரிச் சுமந்து வயலில் கொட்டியது யார்? ஆச்சியிடமே கேட்டேன். யோசித்து யோசித்துச் சொன்னாள். ஒன்பது பேர் வந்தார்கள். அவர்களில் மூன்று பேருக்குத்தான் அவளுக்குப் பெயர் ஞாபகம் இருந்தது. இன்னும் பின்னால் போனால் பெயரும் இல்லை, கூலியும் இல்லை. திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்து விளம்பரம் வந்தது 1855ல். அதற்கு முன்னால் நாஞ்சில் நாட்டில் மனிதர்களை விலைக்கு வாங்கினார்கள், விற்றார்கள். அழகியபாண்டியபுரத்து முதலியார் வீட்டு ஓலைகளில் அந்த விற்பனைச் சீட்டுகள் இருக்கின்றன. வெளியிலிருந்து எதுவும் வாங்காத வீடு என்று நாம் பெருமை பேசுகிறோமே, அந்த வீடுகளில் சில மனிதரையே வாங்கியிருந்தன.

அந்தத் தன்னிறைவும் உறுதியானதாக இருந்ததா என்றால், அதுவுமில்லை. திருவிதாங்கூர் தன் வயிற்றுக்குத் தானே நெல் விளைத்துக் கொண்ட நாடல்ல. நாஞ்சில் நாட்டு நெல்லோடு பர்மா அரிசியும் சேர்ந்துதான் அங்கே உலை கொதித்தது. 1942ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தான், கப்பல் நின்றது. அப்போது ஆச்சிக்குப் பதினோரு வயது. பத்தாயத்தில் நெல் இருந்த அவள் வீட்டு நடையில் கஞ்சித் தண்ணீருக்குப் பெண்கள் வந்து நின்றதைக் கடைசி வரை சொல்லிக் கொண்டிருந்தாள். அவர்கள் உயிரைக் காப்பாற்றியது மரச்சீனி. அதுவும் நம் சொந்தச் சரக்கா? தென் அமெரிக்காவில் பிறந்த கிழங்கு. 1880லிருந்து 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதை ஊரெங்கும் நடச் சொல்லிப் பரப்பியதால், அறுபது வருஷம் கழித்து வந்த பஞ்சத்தில் ஏழைகள் பிழைத்தார்கள். புளிக்கறியில் போடுகிற மிளகாயும் கப்பலில் வந்ததுதான்.

உரத்தையும் புது விதையையும் ஏதோ சூழ்ச்சிக்கு மயங்கி நம் சம்சாரிகள் ஏற்றுக் கொண்டார்கள் என்று இப்போது பேசுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 1966ல் ஐ.ஆர்.8 வந்தபோது அதை விதைத்தவர்கள் பசியை நேரில் பார்த்தவர்கள். வட ஆற்காட்டில் ஒருவர் தம் பிள்ளைக்கே 'ஐ.ஆர்.எட்டு' என்று பெயர் வைத்தார். பிள்ளைக்கு வைக்கிற பெயரில் யாரும் பொய் சொல்வதில்லை. பிறகு உரம் ஏறிக் கொண்டே போனதும், மண் கெட்டதும், கடன் வளர்ந்ததும் வேறு கதை. அதுவும் உண்மைக் கதை.

கன்னியாகுமரிக்குக் கடல் தாண்டினால் இலங்கை. அங்கே 2021 ஏப்ரலில் ஒரே உத்தரவில் ரசாயன உர இறக்குமதியை நிறுத்தி, நாடு முழுவதும் இயற்கை விவசாயம் என்று அறிவித்தார்கள். விளைச்சல் விழுந்தது, தேயிலையும் அடி வாங்கியது, நவம்பரில் உத்தரவை வாபஸ் வாங்கினார்கள். இதை வைத்து இயற்கை விவசாயமே பொய் என்று சொல்வதும் அவசரம்தான். பல வருஷம் தழையும் சாணமும் கொடுத்துப் பக்குவப்படுத்த வேண்டிய மண்ணை அரசாங்க முத்திரை குத்திப் பக்குவப்படுத்த முடியுமா? அந்தச் சாணத்துக்கு மாடு வேண்டும், மாட்டுக்குப் புல் வேண்டும், புல்லுக்கு நிலம் வேண்டும். என் நண்பரின் ஓர் ஏக்கருக்கே பக்கத்து இரண்டு தொழுவங்களிலிருந்து சாணம் வருகிறது. அதைப் பேரேட்டில் எழுதவில்லை, இனாம் என்பதால்.

வயலுக்கு வரும் தண்ணீரையும்தான் எழுதவில்லை. அது பேச்சிப்பாறை அணையிலிருந்து வருவது. 1897ல் தொடங்கி 1906ல் கட்டி முடித்த அணை. அந்தத் தண்ணீர் எத்தனை மடைகள் தாண்டி, எத்தனை பேர் தூர் வாரிய சானல் வழியாக அவர் வரப்புக்கு வந்து சேருகிறது! இதை அவரிடம் சொன்னேன். "அப்படிப் பார்த்தால் மூச்சுவிடக்கூட முடியாது" என்றார். அமெரிக்காவில் தோரோ என்ற ஞானி 1845லிருந்து இரண்டு வருஷம் வால்டன் குளக்கரையில் தனியாக வாழ்ந்து காட்டினானே, அவன் வீடு கட்டிய நிலம் எமர்சனுடையது. மரம் வெட்டிய கோடரி இரவல் வாங்கியது. அதனால் அவன் எழுதியது பொய்யாகிவிடாது. இரவலை மறைக்காமல் அவனே எழுதியும் வைத்தான்.

தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, கடைசியில் தே. கல்லுப்பட்டியில் வந்து வாழ்ந்த ஜே. சி. குமரப்பா நினைவுக்கு வருகிறார். நடாத மாந்தோப்பில் புகுந்து பழம் பறித்துத் தின்னும் குரங்கை ஒரு விதமான பொருளாதாரத்துக்கு உதாரணமாகச் சொன்னவர் அவர். கூட்டமாகச் சேர்த்து வைக்கும் தேனீ அதற்கு மேல் படி. அவர் கேட்டது தனி மனிதனின் வேலிக்குள் இருக்கும் தன்னிறைவை அல்ல. அவரும் கணக்கர்தான், ஆனால் எந்தச் செலவு யார் முதுகில் விழுகிறது என்று பார்த்த கணக்கர்.

இரண்டாம் நாள் காலை வயலுக்குப் போனோம். இரவு பெய்த மழையில் வரப்பு வழுக்கியது. அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண் குனிந்து களை பறித்துக் கொண்டிருந்தாள். களைக்கொல்லி அடிக்காத வயலில் களைக்கு வேறு வழி கிடையாது. நண்பர் மடையைப் பார்க்கப் போன நேரத்தில் பேச்சுக் கொடுத்தேன்.

"இடுப்பு வலிக்காதா?"

"வலிக்காம இருக்குமா? எண்ணாலும் இது தேவல. எங்க வீட்டுக்காரரு மத்த வயலுகள்ல மருந்தடிக்கப் போவாரு. அடிச்சிட்டு வந்தா ரெண்டு நாளைக்குக் கஞ்சி எறங்காது. கண்ணு செவந்து போயிக் கெடப்பாரு. போய்ச் சேந்து ஒம்பது வருசமாச்சு."

மருந்துதான் காரணமா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து, வீட்டில் என்ன அரிசி சமைக்கிறாள் என்று கேட்டேன்.

"ரேசன் அரிசிதான். சாரு இந்தச் செவப்பரிசி ரெண்டு பக்கா குடுத்தாரு. ருசி உண்டு. ஆனா வேவதுக்கு ஒண்ணர மணிக்கூர் ஆவுதுல்லா, காசு விக்க வெலைக்குக் கட்டுமா? பேத்தி வந்தா வெறகு கூட்டி வைக்கலாம்னு எடுத்து வச்சிருக்கேன்."

அவள் 'காசு' என்றது சமையல் காஸை. எனக்கு அது புரியவே ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்த அரிசியை நண்பர் தெரிந்தவர்களுக்குக் கிலோ நூறு ரூபாய்க்கு மேல் கொடுக்கிறார். அதில் கொள்ளை லாபம் ஒன்றுமில்லை; பக்கத்து வயல்காரர் அறுப்பதில் பாதிதான் அவருக்குக் கிடைக்கிறது. கூலிக் கணக்கு எங்கே என்று முந்தின இரவே கேட்டிருந்தேன். அதற்கு வேறு நோட்டு இருக்கிறதாம்.

மத்தியானம் அவள் கரையேறி, கை கால் கழுவிக் கொண்டு, நண்பரிடம் சொன்னாள்: "நாளைக்கி நான் வரல்ல சாரே. ரேசன் கடையில அரிசி போடுதாவ. விட்டா அப்புறம் தீந்து போவும்."

"ஒரு நாள் விட்டாலும் களை முத்திப் போகுமே!" என்றார் நண்பர்.

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் காலையில் நான் ஊருக்குப் புறப்பட வேண்டியவன். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. நண்பர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார், நானும் இறங்கினேன். எது களை, எது நெல் என்று முதலில் எனக்குத் தெரியவில்லை. அவர் சொல்லிக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் நான் கரையேறிவிட்டேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்.