கருத்து வேறு, உறவு வேறு

தை பிறக்கும் தறுவாயில் இல்லற அன்பர்கள் சிலர் ஆண்டுதோறும் ஒரு கேள்வியோடு வருகிறார்கள். "சுவாமிஜி, பொங்கலுக்கு உறவினர் அனைவரும் ஒன்றுகூடுகிறோம். முதல் நாள் மகிழ்ச்சியாகக் கழிகிறது. மறுநாள் யாரோ ஒருவர் அரசியலைத் தொடங்கிவிடுகிறார். ஊர் திரும்பும்போது பாதிப்பேர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இதற்கு வழி என்ன?"

கேள்வி எளியதாகத் தோன்றலாம். ஆனால் பல குடும்பங்களின் நிம்மதி இதில்தான் அடங்கியிருக்கிறது.

ஹைதராபாத் வாழ் அன்பர்கள் இதன் கடுமையை நன்கு அறிவார்கள். செகந்திராபாத்தை அடுத்த போலாரம் பழைய ராணுவக் குடியிருப்புப் பகுதி. குடியரசுத் தலைவரின் தென்னக இல்லமான ராஷ்டிரபதி நிலையம் அங்குதான் உள்ளது. அவ்வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. ஒரே வீட்டில் மருமகள் விஜயவாடாவிலிருந்தும் மருமகன் வாரங்கல்லிலிருந்தும் வந்திருப்பது அங்கு வியப்பல்ல.

2009 டிசம்பர் 9 இரவு, தனித் தெலங்கானா அமைக்கும் பணி தொடங்கப்படும் என்று அன்றைய மத்திய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் அறிவித்தார். இரண்டே வாரங்களில், டிசம்பர் 23 அன்று, விரிவான கலந்தாலோசனை தேவை என்று மற்றோர் அறிவிப்பு வெளியாயிற்று. முதல் அறிவிப்பு ஒரு சாராரைப் புண்படுத்தியது. இரண்டாவது மறு சாராரைப் புண்படுத்தியது. அந்தப் புண் ஆறுமுன் சங்கராந்தி வந்துவிட்டது. "நீரிலும் வேலையிலும் எங்கள் பங்கு 1956 முதல் மறுக்கப்பட்டது" என்றார் ஒருவர். "இந்நகரை வளர்த்ததில் எங்கள் உழைப்பும் இல்லையா?" என்றார் மற்றவர். இருவர் சொன்னதிலும் வேதனை இருந்தது. அந்த வேதனைக்குச் செவிகொடுக்கத்தான் ஆளில்லை.

2014 ஜூன் 2-இல் புதிய மாநிலம் பிறந்தது. ஹைதராபாத் இரு மாநிலங்களுக்கும் பொதுத் தலைநகராக இருக்க விதிக்கப்பட்ட பத்து ஆண்டுகளும் 2024 ஜூனில் நிறைவுற்றன. சட்டம் தன் கணக்கை முடித்துக்கொண்டது. ஆனால் அந்நாட்களில் பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணன் தம்பியருக்கு எந்தச் சட்டம் முடிவு நாள் குறித்தது? வழக்கு முடிந்த பின்னும் வன்மம் தொடர்கிறதென்றால், அது அந்த வழக்கால் மட்டும் வந்ததன்று என்பது தெளிவு.

பிரிப்பது எது?

ஒரே வீட்டில் பிறந்தவர்கள் ஒரே விதமாகத்தான் சிந்திக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பே முதற்பிழை. ஹைதராபாத்தில் வாழ்ந்த அறிஞர் அகோரநாத் சட்டோபாத்யாயரின் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். மகள் சரோஜினி நாயுடு 1925-இல் காங்கிரசின் தலைவரானார். மகன் வீரேந்திரநாத் அயல்நாடுகளில் புரட்சிப் பணியில் ஈடுபட்டு, பொதுவுடைமைவாதியாகி, சோவியத் மண்ணில் உயிர் நீத்தார். மற்றொரு மகள் சுஹாசினி இந்தியாவில் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். ஒரே உப்பை உண்டு வளர்ந்தவர்களின் பாதைகள் இத்தனை! கருத்து வேறுபடுவது இயற்கை.

அவ்வேறுபாடு பகையாக மாறுவது எப்போது? 'இது என் கருத்து' என்பது 'இதுவே நான்' என்று ஆகும்போது. வேதாந்தம் இதை அபிமானம் என்கிறது. உடலை 'நான்' என்று கொள்வது போலவே கட்சியையும் கொள்கையையும் 'நான்' என்று மனம் பற்றிக்கொள்கிறது. பிறகு கருத்தின் மீது விழும் ஒவ்வொரு சொல்லும் நம் உயிர் மீது விழும் அடியாகிவிடுகிறது.

கோபத்திலிருந்து மயக்கமும், மயக்கத்திலிருந்து நினைவின் அழிவும், அதிலிருந்து புத்தியின் நாசமும் விளையும் என்பது கீதையின் இரண்டாம் அத்தியாயம் காட்டும் படிவரிசை. இதில் 'நினைவின் அழிவு' என்பதை இல்லறத்தார் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். கோபம் தலைக்கேறிய அந்தக் கணத்தில் மறந்துபோவது எது? எதிரே அமர்ந்திருப்பவர் நம்மைத் தோளில் சுமந்த மாமா என்பது. நாம் நோயுற்றபோது இரவெல்லாம் விழித்திருந்த அக்கா என்பது. கட்சியின் பெயர் நினைவிருக்கிறது. அவர் செய்த உபகாரம் மறந்துவிடுகிறது.

வாதத்தின் மூன்று வகை

அப்படியானால் வீட்டில் பொதுவிஷயங்களைப் பேசவே கூடாதா? பேசலாம். எந்த நோக்கத்தோடு பேசுகிறோம் என்பதே கேள்வி. நியாய சாஸ்திரம் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையை அறியும் பொருட்டு இருவரும் சேர்ந்து ஆராய்வது வாதம். வெற்றி ஒன்றையே நாடுவது ஜல்பம். தனக்கென ஒரு நிலைப்பாடு இல்லாமல் பிறர் சொல்வதை உடைப்பதையே தொழிலாகக் கொள்வது விதண்டை. விதண்டாவாதம் என்று நாம் அன்றாடம் சொல்வது இதைத்தான். விவாதிப்போருள் தான் வாதமாக இருப்பதாகக் கீதையின் பத்தாம் அத்தியாயத்தில் பகவான் கூறுகிறார். ஆகவே உண்மையை நாடும் வாதம் இறைவனின் விபூதி. நம் கூடத்தில் நடப்பது எந்த வகை என்று நாமே சோதித்துக்கொள்ளலாம்.

நம் ஆசாரியர்கள் பிறர் கொள்கையை மறுக்கும் முன் அதனைப் பூர்வபட்சமாக எடுத்துரைத்தார்கள். இதை வீட்டிலும் பழகலாம். "நீங்கள் சொல்வதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன், சரிதானா சித்தப்பா?" என்று முதலில் கேளுங்கள். அவர் 'ஆம்' என்று தலையசைத்த பின் உங்கள் மறுப்பைச் சொல்லுங்கள். அந்தத் தலையசைப்பிலேயே பாதிச் சூடு தணிந்துவிடும்.

பிரிந்தும் பிரியாதவர்கள்

எவ்வளவு பேசியும் உடன்பாடு வராத நிலைமைகளும் உண்டு. அதற்குக் கம்பர் காட்டும் கும்பகருணனே சான்று. இராவணன் செய்தது தவறு என்று அவன் அண்ணனின் முகத்துக்கு நேரே சொன்னான். ஆனால் வளர்த்த கடனுக்காகப் போருக்குப் புறப்பட்டான். தம்பி வீடணனோ அறத்தைத் தேடி இராமனிடம் சேர்ந்திருந்தான். போர்க்களத்தில் வீடணன் வந்து தன்னோடு வருமாறு அழைக்கிறான். கும்பகருணன் தம்பியைத் தழுவிக்கொள்கிறான். அழைப்பை மட்டும் ஏற்க மறுக்கிறான். இருவரில் எவரும் தம் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. ஆயினும் உயிர் பிரியும் தறுவாயில் கும்பகருணன் இராமனிடம் வேண்டுவது தம்பியின் பாதுகாப்பையே. எதிரணியில் நிற்கும் தம்பி நலமாக வாழ வேண்டும் என்ற அந்தக் கவலையே அன்பு. உடன்பாடு வந்த பின்தான் அன்பு என்று அவன் காத்திருக்கவில்லை.

சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விழுங்குவது சாந்தியாகாது என்பதும் இதில் அடங்கியுள்ளது. அநீதி என்று மனம் உணர்வதை எடுத்துச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் உண்மையாக இருப்பது மட்டும் போதாது. பிறரைக் கலக்காததாகவும் இனியதாகவும் நன்மை தருவதாகவும் இருக்கும் சொல்லே வாக்கின் தவம் என்கிறது கீதை. பொங்கல் பந்தியில் பத்துப்பேர் முன்னிலையில் ஒருவரை மடக்குவது தவமாகாது. அதையே தனியாக, மாலை நடையில், தாழ்ந்த குரலில் சொல்லலாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரும் செய்தியை மற்றவர்களுக்கு அனுப்பும் முன், "இதை அண்ணன் எதிரே அமர்ந்து படித்துக்காட்ட எனக்கு மனம் வருமா?" என்று கேட்டுக்கொள்ளலாம்.

முதலடி யாருடையது?

ஏற்கெனவே முறிந்துபோன உறவுக்கு என்ன செய்வது? குருக்ஷேத்திரத்தில் போர் தொடங்கும் முன் யுதிஷ்டிரர் கவசத்தைக் களைந்தார். ஆயுதங்களைக் கீழே வைத்தார். நடந்தே எதிரிப் படையை நோக்கிச் சென்றார். தம்பியர் திகைத்தனர். அவர் பீஷ்மரின் பாதங்களைத் தொட்டு, போரிட அனுமதியும் ஆசியும் வேண்டினார். துரோணரிடமும் கிருபரிடமும் சல்லியரிடமும் அவ்வாறே சென்றார். பீஷ்மர் மகிழ்ந்து, வெற்றி பெறுவாய் என்று வாழ்த்தினார். போர் நின்றுவிடவில்லை. ஆனால் 'இவர் என் பாட்டனார்' என்ற உண்மை போருக்கு மேலாக நின்றது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நாட்டை இழந்தவர், வனத்தில் அலைந்தவர், அநீதி இழைக்கப்பட்டவர் யுதிஷ்டிரரே. முதலில் நடந்து சென்றவரும் அவரே. "தவறு அவருடையது, அவர் முதலில் பேசட்டும்" என்று காத்திருக்க அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அந்த நியாயத்தையும் கவசத்தோடு சேர்த்துக் கழற்றி வைத்தார்.

அன்பர்களே, வரும் பண்டிகைக்கு முன் அவ்வாறு ஓர் அடி எடுத்து வையுங்கள். யார் வாக்கு யாருக்கு என்ற பேச்சே வேண்டாம். 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று மட்டும் கேளுங்கள். கட்சிகள் தோன்றும், மறையும்; எல்லைக்கோடுகளும் மாறும். பெற்றோர் இருந்து, உடன்பிறந்தோர் இருந்து, ஒன்றாக உண்ணக் கிடைக்கும் பண்டிகைகள் ஒரு பிறவியில் எண்ணிச் சொல்லக்கூடியவையே.