மாற்றுச் சாவி

நண்பர் ஒருவர் என் காரின் சாவியைத் தொலைத்துவிட்டார். கவிதை எழுதுகிறவர், பிழைப்புக்கு ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறார். தாயாருக்குக் கண்ணில் புரை எடுத்திருந்தது, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிப்போக வண்டி வேண்டும் என்றார். என்னிடமிருந்த இரண்டு சாவிகளில் ஒன்றைக் கொடுத்தேன். சாயங்காலம் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியபோது நான் வீட்டில் இல்லை. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார். மறுநாள் காலை அது அவரிடம் இல்லை. பஸ்ஸிலா, டீக்கடையிலா, மருந்துக் கடையிலா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஒன்றுமில்லை என்றுதான் நானும் நினைத்தேன். தெருமுனையில் குடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் சாவிக்காரரிடம் எஞ்சியிருந்த சாவியைக் கொடுத்து, அதுபோல் ஒன்று போட்டுத் தரச் சொன்னேன். 150 ரூபாய். அந்தச் சாவி கதவைத் திறந்தது. உள்ளே துவாரத்தில் நுழைந்தது, திரும்பவும் செய்தது. எஞ்சின் சுழன்றது; பிடிக்கவில்லை. வந்து சொன்னேன். ‘இதுல சிப் இருக்கும் சார், எங்கிட்ட அந்த மெஷின் இல்ல. கம்பெனிக்குத்தான் போகணும்’ என்றவர் 100 ரூபாயை எடுத்து நீட்டினார். ஏன் என்றேன். ‘வண்டி ஓடலியே, தகட்டுக்காசு மட்டும் போதும்’ என்றார்.

கம்பெனியில் சொன்ன விலை 9,600 ரூபாய். பதிவுப் புத்தக நகல், அடையாள அட்டை, சாவி தொலைந்ததாகப் போலீசில் கொடுத்த புகாரின் ரசீது, எஞ்சிய சாவி, வண்டி, எல்லாம் கொண்டுவர வேண்டும். வர இரண்டு வாரம் ஆகும். எஞ்சியதும் தொலைந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். பூட்டுகளோடு சேர்த்து மாற்ற வேண்டியிருக்கலாம், இதைப்போல் பல மடங்கு ஆகும் என்று அந்த இளைஞர் மரியாதையாகச் சொன்னார்.

விஷயத்தைக் கேள்விப்பட்ட நண்பர், ‘நான் குடுத்துடறேன். மூணு தவணையா குடுக்கறேன்’ என்றார். அது அவருடைய மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல். அவர் எனக்கு உண்மையில் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது. கேள்வி எளிமையானதாகத் தோன்றுகிறது. பதில் அப்படி இல்லை.

*

முதலில் அந்தச் சாவிக்குள் இருப்பது என்னவென்று பார்த்துவிடலாம். தலைப்பகுதியின் பிளாஸ்டிக்கில் அரிசி அளவுக்குச் சற்றுப் பெரிய ஒரு சில்லு இருக்கிறது. அதற்குப் பாட்டரி கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் உண்டு. சாவியைத் திருப்பும்போது அது எழுப்பும் காந்தப் புலத்திலிருந்தே சில்லு தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. கார் ஒரு எண்ணைச் சொல்கிறது. அந்த எண்ணையும் தனக்குள் ஒளிந்திருக்கும் ரகசிய எண்ணையும் வைத்துச் சில்லு ஒரு கணக்குப் போட்டு விடையைத் திருப்பிச் சொல்கிறது. கார் தானும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கிறது. விடை ஒத்துப்போனால்தான் எஞ்சின் ஓடும். ஆக, சாவிக்காரர் அரத்தால் ராவிக் கொடுத்த பற்கள் சரியாகத்தான் இருந்தன. பற்களைக் கேட்கிற காலம் போய்விட்டது, அவ்வளவுதான்.

வீண் ஆடம்பரத்துக்காக வந்த ஏற்பாடு அல்ல இது. கார்த் திருட்டைக் குறைப்பதற்காக ஐரோப்பிய நாடுகள் 1998 வாக்கில் புதிய கார்களில் இதைக் கட்டாயமாக்கின. ஆஸ்திரேலியா 2001இல், கனடா 2007இல். அமெரிக்காவில் அப்படிக் கட்டாயம் இல்லை. அதனால் கியா, ஹூண்டாய் கார்களில் பல மாதிரிகள் 2021 வரைகூட அங்கே இந்தச் சில்லு இல்லாமல் விற்கப்பட்டன. சாவித் துவாரத்தின் உறையைப் பிய்த்துவிட்டு, செல்போன் சார்ஜ் செய்யும் கம்பியின் முனையைக் கொடுத்துத் திருப்பினால் வண்டி கிளம்பிவிடும் என்று 2022இல் பையன்கள் வீடியோ போட்டுக் காட்ட, ஊர் ஊராகக் கார்கள் களவு போயின. எனவே சில்லு வேண்டாம், பழைய அம்பாசடர் காலம்தான் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. அந்தச் சாவி ஒரு வேலையைச் செய்கிறது. அதன் விலையும் அதே வேலையைத்தான் செய்கிறதா என்பதுதான் விசாரிக்க வேண்டியது.

*

1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் ஒரே தலைப்பில் இரண்டு கட்டுரைகள் படித்தார்கள். ஒழுக்கத்தில் அதிர்ஷ்டத்தின் பங்கு பற்றியவை. இரண்டு பேர் ஒரே அளவு கவனக்குறைவோடு வண்டி ஓட்டுகிறார்கள்; ஒருவன் எதிரில் குழந்தை ஓடிவருகிறது, இன்னொருவன் எதிரில் வரவில்லை. குற்றம் ஒன்றுதான், ஆனால் நாம் இருவரையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. அவர்களாலும் தங்களை ஒன்றாகப் பார்த்துக்கொள்ள முடிவதில்லை. தன் வசத்தில் இல்லாத ஒன்று தன் குற்றத்தின் எடையைத் தீர்மானிக்கிறது என்பது ஒழுக்க விசாரத்தையே ஆட்டங்காணச் செய்யும் விஷயம்.

என் நண்பரின் மறதியை இந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன். சில்லு இல்லாத பழைய வண்டியின் சாவியை அவர் தொலைத்திருந்தால் 150 ரூபாய்; ஒரு சிரிப்பு, ஒரு டீ, அதோடு மறந்துபோயிருப்போம். அதே சட்டைப் பை, அதே பஸ், தாயாரைப் பற்றிய அதே கவலை. இப்போது அது 9,600 ரூபாய்க் குற்றம். மறதி ஒரு இம்மிகூடப் பெரிதாகவில்லை. ஆனால் அவர் முகத்தில் ஒரு மாறுதல் வந்திருக்கிறது. அதைப் பார்க்கையில் என் முகத்திலும் வந்திருக்க வேண்டும்.

ஆனால் வில்லியம்ஸ், நேகல் சொல்வது இங்கே முழுக்கப் பொருந்தாது. குழந்தை ஓடிவந்தது தற்செயல். யாரும் அதைத் திட்டமிடவில்லை. 9,600 என்பது தற்செயல் இல்லை. எங்கோ ஒரு அறையில் உட்கார்ந்து யாரோ அந்த எண்ணை எழுதியிருக்கிறார்கள். மனிதர்கள் சாவி தொலைப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். தொலைத்தவன் வேறு எங்கும் போக முடியாது என்பதும் தெரியும். என் நண்பரின் குற்றத்தின் அளவு அவர் பிறரிடம் கடன் வாங்கிய மறதியாலோ அதிர்ஷ்டத்தாலோ நிர்ணயமாகவில்லை. எங்கள் இருவரையும் அறியாத மூன்றாவது ஆள் ஒருவரின் தீர்மானத்தால் நிர்ணயமாகியிருக்கிறது. அப்படியானால் அந்தத் தொகை முழுவதையும் அவர் எனக்குத் தர வேண்டிய கடன் என்று நான் எப்படிச் சொல்வது?

*

விலை நியாயமானதுதான் என்று வாதிக்கலாம். பேசாமல் அந்த வாதத்தைக் கடந்துபோவது நேர்மை ஆகாது.

13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் வாங்குதல் விற்றல் பற்றி எழுதுகையில் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காட்டுகிறார். ஒரு பொருளைக் கொடுப்பதால் விற்பவனுக்கு விசேஷமான நஷ்டம் உண்டென்றால், பொருளின் மதிப்புக்கு மேல் கேட்பதில் தப்பில்லை. தன் நஷ்டத்தை அவன் விற்கலாம். ஆனால் விற்பவனுக்கு நஷ்டம் ஏதும் இல்லாமல், வாங்குகிறவனுக்கு அது மிகவும் அவசரம் என்ற ஒரே காரணத்துக்காக விலையை ஏற்றக்கூடாது. ஏனென்றால் அந்த அவசரம் வாங்குகிறவனுடையது. தன்னுடையதல்லாத ஒன்றை ஒருவன் விற்க முடியாது.

எழுநூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் இதைவிடத் துல்லியமாக இந்த விஷயத்தைச் சொன்னவர் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கம்பெனி எனக்கு விற்பதில் தகடு இருக்கிறது, பிளாஸ்டிக் இருக்கிறது, சில்லு இருக்கிறது, புதுச் சாவியைக் காருக்கு அறிமுகம் செய்துவைக்கும் சிறிது நேர வேலை இருக்கிறது. இவை கம்பெனியுடையவை, லாபத்தோடு விற்கட்டும். மிச்சமுள்ளது என் நிர்ப்பந்தம். நான் ஏற்கெனவே அந்தக் காரை வாங்கிவிட்டேன் என்பதும், அது வேறு எந்தச் சாவியையும் ஏற்காது என்பதும். என் கதியற்ற நிலையை எனக்கே விலை போட்டு விற்கிறார்கள்.

சாவிக்காரர் திருப்பிக் கொடுத்த 100 ரூபாயும் இதே தத்துவம்தான். அவர் உழைத்தது உண்மை. ஆனாலும் என் வண்டி ஓடாததை அவர் என்னிடம் விற்க விரும்பவில்லை.

கம்பெனி தரப்பில் ஒரு பதில் உண்டு. சாவி உனக்கு மலிவாகக் கிடைத்தால் திருடனுக்கும் மலிவாகக் கிடைக்கும். விலையே ஒரு வேலி. கேட்பதற்குச் சரியாக இருக்கிறது. ஆனால் திருடன் கம்பெனிக் கவுண்டரில் வரிசையில் நின்று விலை கேட்பதில்லை. வீட்டுக்குள் இருக்கும் சாவியின் சமிக்ஞையை வெளியிலிருந்து வாங்கி வண்டிக்கு எட்டவைத்துத் திறக்கிறான். இல்லாவிட்டால் பரிசோதனைக்காக வைத்திருக்கும் இணைப்பு வழியாகப் புதுச் சாவி ஒன்றைத் தானே பதிவு செய்துகொள்கிறான். வேலிக்கு விலை கொடுப்பவர்கள் வேலிக்கு உள்ளே இருப்பவர்கள்தான். உண்மையில் காவல் செய்வது அவர்கள் கேட்கும் அத்தாட்சிகள். அவற்றை நான் குறை சொல்லவில்லை. அத்தாட்சிகளைச் சரிபார்க்கத் தெரிந்த எவரும் அந்தக் காவலைச் செய்யலாம். பதிவு பெற்ற பூட்டுத் தொழிலாளிகளே கம்பெனிகளிடமிருந்து சாவிக் குறியீடுகளைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு அமெரிக்காவில் நடைமுறையில் இருக்கிறது. நம்பிக்கையைப் பங்கிட முடியும். பங்கிடாமலிருப்பதற்குப் பாதுகாப்பு காரணம் ஆகாது.

*

பூட்டின் சரித்திரத்தில் இரண்டு காட்சிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது உபயோகமாக இருக்கும். லண்டனில் ஜோசப் பிராமாவின் கம்பெனி தன் பூட்டு ஒன்றைக் கடை ஜன்னலில் வைத்து, இதைத் திறக்கும் கருவி செய்கிறவருக்கு 200 கினி என்று எழுதிவைத்திருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் அது திறக்கப்படாமல் இருந்தது. 1851 மகா கண்காட்சியின்போது ஆல்ஃப்ரெட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் வந்தார். இரண்டு வாரத்துக்கு மேல் பரவிய நாட்களில் சுமார் 51 மணி நேரம் உழைத்துத் திறந்துவிட்டார். முணுமுணுப்போடுதான் என்றாலும் பணம் அவருக்குக் கொடுக்கப்பட்டது.

இரண்டாவது காட்சியும் லண்டன்தான். கார்ச் சாவிகளில் பரவலாக இருந்த ஒரு சில்லின் கணக்குமுறை பலவீனமானது என்று மூன்று பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2013இல் ஃபோக்ஸ்வாகன் கேட்டுக்கொண்டதன் பேரில் உயர் நீதிமன்றம் அதைப் பிரசுரிக்கத் தடை விதித்தது. கட்டுரை 2015இல்தான் வெளிவந்தது, ஒரு வாக்கியம் நீக்கப்பட்டு.

இடையில் 1883இல் அகுஸ்ட் கெர்க்காஃப்ஸ் ஒரு விதியைச் சொல்லியிருந்தார்: ரகசியம் சாவியில் மட்டும் இருக்க வேண்டும், பூட்டின் அமைப்பு எதிரி கையில் கிடைத்தாலும் பாதகம் இருக்கக்கூடாது. நல்ல பூட்டுக்கு இது இலக்கணம். பூட்டைப் பற்றிய அறிவு எல்லோருக்கும் உரியது, சாவி ஒருவனுக்கு மட்டும் உரியது என்று இதை வேறு வார்த்தைகளில் சொல்லலாம். இன்று நிலைமை தலைகீழ். பூட்டைப் பற்றிய அறிவு கம்பெனியுடையது. சாவியும், விலையைப் பார்த்தால், முழுக்க என்னுடையது என்று சொல்ல முடியவில்லை.

*

சாவி என்ற சொல்லே நமக்குப் போர்த்துக்கீசியர் தந்தது. திறவுகோல் என்ற பழைய சொல் அது செய்யும் வேலையைச் சொல்கிறது. ரோமானியச் சட்டத்தில் கிடங்கின் சாவியைக் கைமாற்றினாலே உள்ளே உள்ள சரக்கைக் கைமாற்றியதாக அர்த்தம். நம் வீடுகளில் மாமியார் இடுப்பிலிருந்து மருமகள் இடுப்புக்குக் கொத்துச்சாவி போனால் ஆட்சி மாறியது என்று அர்த்தம். கொடுப்பவர், பெறுபவர் என்று இருவர் போதும்.

நான் நண்பரிடம் சாவியைக் கொடுத்தபோதும் இருவர்தான் இருப்பதாக நினைத்தேன். இப்போது எண்ணிப் பார்த்தால் கம்பெனி இருந்திருக்கிறது. இன்சூரன்ஸும் இருந்திருக்கிறது: கார் களவு போனால் அவர்கள் இரண்டு சாவிகளையும் கொண்டுவரச் சொல்வார்கள், ஒன்று குறைந்தால் அது எங்கே, யாரிடம் கொடுத்தீர்கள் என்ற கேள்வி வரும். அலமாரியில் கிடந்தபோது எந்த உபயோகமும் இல்லாதிருந்த மாற்றுச் சாவி, இல்லாமல் போனபின் எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல முடியும். யாரிடம் கொடுத்தீர்கள் என்ற கேள்விக்கு நான் ஒரு கவிஞரின் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

அவருடைய கடன் எவ்வளவு என்ற கேள்விக்கு என் கணக்குப்படி 150 ரூபாய். அதில் 100 திரும்பி வந்துவிட்டது. மீதி 9,450 ரூபாய் அவருடைய தவறைச் சேர்ந்ததல்ல. ஆனால் இந்தக் கணக்கை அவரிடம் சொல்ல முடியவில்லை. வேண்டாம் என்று சொன்னால், உங்களால் முடியாது என்று சொன்னதாகிவிடும். வாங்கிக்கொண்டால், கம்பெனிக்காக வசூல் செய்கிறவன் ஆகிவிடுவேன். விலையை எழுதியவருக்கு இந்தச் சங்கடத்தில் பங்கில்லை. அதை எங்களுக்கு விட்டுவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். கவரில் 3,200 ரூபாய். வாங்கிக்கொண்டேன். தாயாருக்கு இப்போது பார்வை நன்றாகத் தெரிகிறது என்றார். அவருடைய புதிய கவிதைகளைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினோம். புறப்படும்போது தாயாரை மறுபரிசோதனைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன்.

‘இல்லீங்க, பஸ்லயே போய்க்கறோம்’ என்றார்.