பிறர் பொருளைத் துறக்கலாமோ?

ஈப்போ நகரிலும், அதைச் சூழ்ந்து ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களாயிருந்த ஊர்களிலும், கல்யாண வீடுகளில் படம் பிடிப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்ட தமிழ் இளைஞர்கள் இன்று அநேகர் இருக்கிறார்கள். பாட்டனார் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியவர். தகப்பனார் தோட்டம் கைமாறிய பிறகு பட்டணத்துக்கு வந்து லோரி ஓட்டியவர். மகனோ கழுத்தில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக இரண்டு கேமராக்களை மாட்டிக்கொண்டு மணவறைக்கு எதிரே நிற்கிறான். அத்தகையோருள் ஒருவர், செம்மோர்ப் பக்கத்தவர், தம் தொழிலுக்குக் காப்புறுதி எடுக்க முற்பட்டபோது வீட்டில் எழுந்த தடையை என்னிடம் சொல்லி அபிப்பிராயம் கேட்டார். "நல்ல காரியத்துக்குப் போகிறவன், தீப்பிடிக்கும், திருடு போகும், ஆள் விழுவான் என்று எழுதிக் கையெழுத்துப் போடலாமாய்யா? மாரியம்மா இருக்கும்போது கம்பெனிக்காரன் எதற்கு?" என்று அவருடைய தாயார் கேட்டாராம். அந்த அம்மையாரின் கேள்வியை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது சுலபம். ஆயினும் நம் சமயப் பெரியோர் நெடுங்காலமாக விவாதித்து வந்த விஷயம் ஒன்று அதற்குள் அடங்கியிருப்பதால், அதற்குரிய மரியாதையோடு அதை ஆராய்வதே முறை.

கேள்வியின் முற்பாதி, அமங்கலத்தை வாயால் சொல்லலாமா என்பது. இதற்கு விடை கல்யாணச் சடங்கிலேயே இருக்கிறது. விக்கினம் வரக்கூடும் என்று எண்ணாதவர்கள் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்துக் காரியத்தைத் தொடங்கமாட்டார்கள். மணமக்கள் கையில் காப்புக் கட்டமாட்டார்கள். தாலி ஏறும் வேளையில் அபசப்தம் எதுவும் காதில் விழலாகாதென்று கெட்டிமேளம் கொட்டச் சொல்லவும் மாட்டார்கள். இடையூற்றை முன்கூட்டியே நினைத்து, நினைத்ததைச் சடங்காகவும் ஆக்கி வைத்தவர்கள் நம் முன்னோர். ஆகையால் அந்தப் பாதியை இத்துடன் விட்டுவிடலாம்.

பிற்பாதி அவ்வளவு எளிதன்று. தெய்வத்தை நம்பியவனுக்குக் காப்புறுதி எதற்கு என்ற கேள்வியைச் சாமானியர் மட்டுமல்ல, மகாத்மா காந்தியும் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டார். கைவசமிருந்த பாலிசியைக் கைவிடும் அளவுக்குத் தீவிரமாகவே கேட்டார். 1902-ஆம் ஆண்டு வாக்கில் அவர் பம்பாயில் வக்கீல் தொழில் நடத்த முற்பட்டிருந்த சமயம், நாவன்மை மிக்க அமெரிக்க முகவர் ஒருவர் அவரை அணுகி, 10,000 ரூபாய்க்கு ஆயுள் காப்புறுதி எடுக்கும்படி செய்துவிட்டார். பின்னர் தென்னாப்பிரிக்காவில் பகவத் கீதையை ஆழ்ந்து பயிலத் தொடங்கியபோது, அபரிக்கிரகம் என்னும் உடைமையின்மைக் கோட்பாடு அவர் மனத்தைப் பற்றிக்கொண்டது. எண்ணற்ற ஏழைகளின் குடும்பங்களைக் காப்பவர் எவரோ அவரே தம் மனைவி மக்களையும் காப்பார் என்றும், பாலிசி எடுத்ததனால் அவர்களுடைய சுயபலத்தைத் தாம் பறித்துவிட்டதாகவும் கருதி, கட்டிய பணம் திரும்பி வராவிட்டாலும் பாதகமில்லை என்று அதை விட்டுவிட்டார். இதைத் தம் சத்திய சோதனையில் அவரே விவரித்திருக்கிறார். செம்மோர் அம்மையாரின் கட்சிக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

ஆனால் அதே கீதை எதிர்க்கட்சிக்கும் சாட்சி சொல்லியிருக்கிறது. 1956 செப்டம்பர் முதல் தேதியன்று, 245 காப்புறுதி ஸ்தாபனங்களை ஒன்றாக இணைத்து இந்திய அரசாங்கம் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தை அமைத்தது. அந்தக் கழகம் தன் இலச்சினையில் பொறித்திருக்கும் வாசகம், கீதையின் 9-ஆம் அத்தியாயம் 22-ஆம் சுலோகத்தில், வேறு எண்ணமின்றித் தன்னையே உபாசிப்பவர்களின் நலத்தைத் தானே சுமப்பதாகப் பகவான் கொடுக்கும் வாக்குறுதியாகும். பகவான் பக்தனுக்குச் சொன்னதை ஒரு கழகம் பாலிசிதாரருக்குச் சொல்வதில் சற்றே துணிச்சல் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பகவான் பக்தியைக் கேட்டாரே தவிரப் பிரிமியம் கேட்டதாகத் தெரியவில்லை.

நம்பிக்கையும் முன்ஜாக்கிரதையும் ஒரே நெஞ்சில் குடியிருக்க முடியுமா என்பதற்குப் பம்பாய்க்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் போக வேண்டிய அவசியமில்லை, ஈப்போவிலேயே தெரிந்துகொள்ளலாம். தைப்பூசத்தன்று புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து காவடிகள் புறப்பட்டுச் சென்று சேரும் கல்லுமலை முருகன் சந்நிதி, குனோங் சீரோ என்னும் சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது. 1973 அக்டோபரில் அந்தக் குன்றின் பெரும் பாறை ஒன்று பிளந்து, அடிவாரத்துக் குடியிருப்பின்மீது சரிந்து, ஏறத்தாழ 40 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகும் காவடிகள் நிற்கவில்லை. ஆனால் பாறைக்கு நேர் கீழே வீடு கட்டிக்கொள்ள ஒருவர் அஞ்சினால் அது இயல்பே. முருகனை விடாமல் இருப்பிடத்தை மட்டும் விட்டவரை அவிசுவாசி என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

அப்படியானால் காந்தியடிகள் செய்தது பிழையா? அன்று. அவர் எதைத் துறந்தார் என்று கவனித்தால் சிக்கல் அவிழ்ந்துவிடும். தம் மரணத்துக்குப் பின் தம் குடும்பத்துக்கு வரவேண்டியிருந்த பணத்தை, அதாவது தமக்கென்று உரிய ஒன்றை, அவர் துறந்தார். பாலிசியை விட்டதைச் சொல்லும் சத்திய சோதனை அத்தியாயத்திலேயே அவர் இன்னொன்றும் சொல்கிறார்: சட்டம் பயின்ற காலத்தில் ஸ்நெல் என்பவரின் நூலில் படித்த தர்மகர்த்தாப் பொறுப்பு என்னும் தத்துவம், கீதையின் வெளிச்சத்தில்தான் தமக்குத் தெளிவாக விளங்கிற்று என்று. தன் கையில் இருக்கும் பொருளில் ஓர் அணுவும் தன்னுடையதன்று என்று எண்ணி நடப்பவனே தர்மகர்த்தா. அப்படிப்பட்ட ஒருவர் தம் சொந்த வீட்டுக் கதவைத் தாழிடாமல் உறங்கலாம். அது அவருடைய வைராக்கியம். அம்மனின் நகைப் பெட்டியைத் திறந்து போட்டுவிட்டு, அம்மனே பார்த்துக்கொள்வாள் என்று வீட்டுக்குப் போவாரானால், ஊர் அவரை வைராக்கியசாலி என்று சொல்லாது. தன் பொருளைத் துறக்க ஒருவனுக்கு அதிகாரம் உண்டு. பிறர் பொருளைத் துறக்க எவனுக்கும் அதிகாரம் இல்லை. கல்யாணப் படம் பிடிப்பவர் எந்தக் காப்புறுதியை எடுக்கலாம், எதை எடுத்தே தீரவேண்டும் என்பது இந்த ஒரு பேதத்தில் அடங்கியிருக்கிறது என்பது என் துணிபு.

மண்டபத்துக்குள் சென்று பார்ப்போம். படம் பிடிப்பவர் தம் விளக்கை மூன்று கால் தாங்கியின்மேல் ஆள் உயரத்துக்கும் மேலாக நிறுத்துகிறார். அதன் தலையில் குடை போன்ற துணிக்கூடு. காலடியிலிருந்து கறுப்பு ஒயர் கம்பளத்தின் குறுக்கே ஓடிச் சுவரோரத்துப் பிளக்கில் முடிகிறது. தாங்கியின் காலில் மணல் பை வைக்கவேண்டும். ஒயரைத் தரையோடு தரையாக டேப்பால் ஒட்டவேண்டும். முகூர்த்தம் நெருங்கிவிட்ட அவசரத்தில், மணப்பெண்ணின் தாய்மாமன் "தம்பி, இங்கே ஒரு படம் எடுய்யா" என்று கூப்பிடும் அமளியில், இரண்டில் ஒன்று விட்டுப்போகிறது. ஐயர் கையை உயர்த்துகிறார், கெட்டிமேளம் முழங்குகிறது, அட்சதையை உள்ளங்கையில் மூடிக்கொண்டு மூதாட்டி ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மணவறையை நோக்கி விரைகிறார், அவருடைய கண் தாலியின்மேல் இருக்கிறது, கால் ஒயரில் இருக்கிறது. தாங்கி சாய்ந்தால் உடைகின்ற விளக்கும் கேமராவும் படக்காரருடையவை. அந்தப் பாட்டியின் இடுப்பெலும்பு அவருடையதன்று.

முகவர்கள் பேச்சைக் கேமராவிலிருந்துதான் தொடங்குவார்கள், ஏனென்றால் கேமராவின்மேல் வாங்கியவருக்கு ஆசை அதிகம். களவு, தீ, தவறி விழுதல் முதலியவற்றிலிருந்து கருவிகளைக் காக்கும் பாலிசி நல்லதுதான். ஆனால் அது எடுப்பவரின் விவேகத்தைப் பொறுத்தது. தம் கேமரா போனால் போகட்டும், மீண்டும் உழைத்து வாங்கிக்கொள்வேன் என்று ஒருவர் சொல்வாரானால், காந்தியடிகளின் வழியில் அவர் சொல்லிவிட்டுப் போகலாம். பிறருக்கு நேரும் காயத்துக்கும் சேதத்துக்கும் ஈடு தரும் பொதுப் பொறுப்புக் காப்புறுதியில் அந்தச் சுதந்திரம் அவருக்கு இல்லை. பாட்டியின் ஆஸ்பத்திரிச் செலவை மாரியம்மாவின்மேல் ஏற்றுவது பக்தியாகாது; கடனைத் தெய்வத்தின் பெயரில் எழுதுவதாகும். கூலிக்கு வரும் உதவியாளர்களின் விஷயமும் இப்படித்தான். 1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டமும், சுயதொழில் செய்வோருக்கென 2017-இல் வந்த சட்டமும் இருக்கின்றன. அவற்றின்படி சொக்சோ எனப்படும் மலேசியச் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் பதிந்துகொள்வதைச் செலவு என்று நினைப்பவர்கள், ஏணியில் ஏறி விளக்குக் கட்டும் பையனின் தாயாரை ஒருமுறை நினைத்துக்கொள்ளட்டும்.

காப்புறுதி ஒரு வகைச் சூதுதானே என்று சிலர் கேட்பதுண்டு. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. சம்பந்தமில்லாத ஒருவர் எப்போது சாவார் என்று பந்தயம் கட்டிப் பாலிசி வாங்கினார்கள். போனால் தனக்கு நஷ்டம் என்று காட்ட முடியாத ஒன்றின்மேல் காப்புறுதி எடுக்கலாகாதென்று 1774-இல் சட்டம் செய்துதான் அதை நிறுத்தினார்கள். நம் அண்டை வீட்டு இஸ்லாமியச் சகோதரர்கள் இதை இன்னும் கூர்மையாகச் சிந்தித்திருக்கிறார்கள். வழக்கிலிருந்த ஆயுள் காப்புறுதியில் நிச்சயமின்மையும் சூதும் வட்டியும் கலந்திருப்பதாகக் கண்டு, அது ஆகாதென்று மலேசியாவின் தேசிய ஃபத்வா குழு 1972-இல் முடிவு கூறிற்று. 1984-இல், தக்காஃபுல் என்னும் இஸ்லாமியக் கூட்டுக் காப்பு முறைக்கான சட்டம் இயற்றப்பட்டது. அம்முறையில் கட்டுகிற தொகை, பங்காளிகளுள் துன்புற்றவருக்குச் சேரட்டும் என்று கொடுக்கும் நன்கொடையாகக் கருதப்படுகிறது. "பத்து வருஷம் கட்டினேன், ஒரு சல்லியும் திரும்பவில்லை" என்று புலம்புகிற நம்மவர் இந்தக் கருத்தை இரவல் வாங்கினாலும் தவறில்லை.

இரவல்கூட வேண்டாம், நம்மிடமே இருக்கிறது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளிகள் லயங்களிலிருந்து விரட்டப்பட்ட காலத்தில், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, பால்மரம் வெட்டுவோரிடம் மாதம் பத்து வெள்ளி வீதம் சேர்த்தார். மழை பெய்தால் மங்கில் நீர் கலந்து பால் வீணாகி, அன்றைய கூலியும் போய்விடும் ஜனங்கள் அவர்கள். பத்து வெள்ளி அவர்களுக்குச் சிறு தொகையன்று. சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவில், புக்கிட் சீடிம். பேராக்கில் கட்டியவன் பணம் கெடாவில் முகம் தெரியாத ஒருவனின் குடியிருப்பைக் காத்தது. அது காப்புறுதி அன்று, கூட்டுறவு. ஆயினும் கொடுத்தவனின் மனோநிலை எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை.

இனி, எடுக்கும்போது அனுஷ்டிக்கவேண்டிய தர்மம் ஒன்று உண்டு. அது சத்தியம். 2013-ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் சட்டத்தின்படி, தொழிலுக்காகக் காப்புறுதி எடுப்பவர் கம்பெனியின் முடிவைப் பாதிக்கக்கூடியதென்று தாம் அறிந்த விஷயங்களைக் கேளாமலே சொல்லக் கடமைப்பட்டவர். சொந்த வாழ்க்கைக்காக எடுப்பவருக்கு அந்தக் கடமை இதைவிட இலகுவானது. டிரோன் பறக்கவிடுவதையும், இரவு முழுவதும் கருவிகள் காரின் பின்பெட்டியில் கிடப்பதையும் மறைத்துவிட்டுப் பிறகு நஷ்டஈடு கேட்பவருக்குக் கிடைக்கும் பதில் கசப்பாகவே இருக்கும். மதிப்பைக் குறைத்துச் சொல்பவரின் கதியும் அதுவே. 60,000 வெள்ளி பெறுமானமுள்ள கருவிகளை 30,000 வெள்ளிக்குப் பதிந்தவருக்கு, சராசரி விதி உள்ள பாலிசியில், 10,000 வெள்ளி நஷ்டத்துக்கு 5,000 வெள்ளிதான் கைக்கு வரும். பாதி உண்மைக்குப் பாதிப் பணம்.

எந்தப் பாலிசியும் தொடாத இடம் ஒன்றும் இருக்கிறது. மெமரி கார்டு கெட்டுப்போனால் புதிய கார்டின் விலையைக் கம்பெனி தரலாம். மூன்று முடிச்சு விழுந்த அந்தச் சில விநாடிகளை எவர் தருவார்? தொழிற்பிழைக்கான காப்புறுதி பணத்தைத் தரும். மறுநாள் அதே மாப்பிள்ளையை அதே பெண்ணுக்கு மீண்டும் தாலி கட்டச் சொல்ல முடியாது. இங்கே காப்பு என்பது சிரத்தை ஒன்றே: ஒரே படத்தை இரண்டு கார்டுகளில் ஒருசேரப் பதிவது, மாற்றுக் கேமராவைக் கையோடு வைத்திருப்பது, அன்றிரவே பிரதி எடுக்காமல் படுக்காதிருப்பது. 2020 மார்ச் 18-இல் கொரோனாத் தொற்றை முன்னிட்டு நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கல்யாணங்கள் நின்றபோதும், கட்டடமோ கருவியோ சேதமடையாததால், சாதாரணப் பாலிசிகள் உதவவில்லை. வாங்கிய முன்பணம் யாருடையது என்ற கேள்விக்கு, செல்லாததாகிவிட்ட ஒப்பந்தத்தால் பெற்றதைத் திருப்பித் தரவேண்டும் என்று 1950-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 66-ஆம் பிரிவில் விடை சொல்கிறது. படம் பிடிக்காத கல்யாணத்தின் பணம் தன்னுடையதன்று என்பதைச் சட்டம் பார்க்காமலும் அறியலாம்.

ஆகவே செம்மோர்த் தம்பிக்கு நான் சொன்ன அபிப்பிராயம் இதுதான். பொதுப் பொறுப்புக்கான பத்திரத்தை முதலில் எடுங்கள். உதவியாளர்களைச் சொக்சோவில் பதியுங்கள். விதிவிலக்குகள் அச்சிட்ட பக்கத்தைக் கையெழுத்துக்கு முன் படியுங்கள். கேமராவுக்கான பாலிசியை அம்மாவிடம் கலந்துகொண்டு நிதானமாகத் தீர்மானிக்கலாம். மார்கழி கழிந்து தை முகூர்த்தங்கள் தொடங்குவதற்குள் முதல் இரண்டும் முடிந்திருக்கவேண்டும்.